முத்திரை இல்லாத கடிதம்

செங்கம்மா என் ஓர்ப்படி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் கன்னையாவுக்கு வாழ்க்கைப்பட்டவள். நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனபோது கன்னையா பட்டாளத்துக்குப் போய்விட்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவரைப் பற்றி வந்த கடிதம் எனக்கு வரிவரியாகத் தெரியும். எழுத்துத் தெரியாதவள்தான் நான். படிக்கக் கேட்டதை மறக்கவில்லை, அவ்வளவுதான்.

ஊரில் செங்கம்மா அக்காவைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்வார்கள். புருஷன் வருவான் வருவான் என்று புத்தி கெட்டுக் காத்திருந்தாள் என்பார்கள் சிலர். செத்தது தெரிந்தும் பூவையும் பொட்டையும் விட மனசு வரவில்லை என்பார்கள் சிலர். இரண்டும் தப்பு. கூட இருந்தவள் நான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் புத்தூரிலிருந்து நாராயணவனம் போகிற வழியில் இருக்கிறது. மேட்டில் வேர்க்கடலை, கிணற்றடியில் கொஞ்சம் நெல்லும் கேழ்வரகும். அப்போதெல்லாம் தண்ணீர் இறைப்பது கவலையில், எருது கட்டி இழுக்கிற ஏற்றத்தில். எருதுகள் சரிவில் இறங்கும்போது ஓட்டுகிறவன் கயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான். அவன் கனமும் சேர்ந்தால்தான் தோல் சால் நிறைந்து மேலே வரும். பாதியில் கயிற்றை விட்டால் சால் கிணற்றுக்குள் விழும், எருதுகள் முன்னால் கவிழ்ந்து முட்டி உடைந்துபோகும். ஒரு ஜோடி எருது போனால் அந்த வீடு எழுந்திருக்காது. அதனால் என் மாமனார் முனிரத்தினம் தன் பிள்ளைகள் இரண்டு பேரையும் சின்ன வயசிலேயே கயிற்றில் உட்கார வைத்து, விட்டால் சாட்டையால் அடித்துப் பழக்கினார். தோல் உரிந்தாலும் சரி, என்ன ஆனாலும் சரி, கயிற்றை மட்டும் விடக்கூடாது. என் வீட்டுக்காரருடைய முதுகில் அந்தத் தழும்பு கடைசி வரைக்கும் இருந்தது.

மழை பொய்த்த ஒரு வருஷத்தில் கன்னையா பட்டாளத்தில் சேர்ந்தார். மாடு மேய்த்த கை என்று பார்த்து, கோவேறு கழுதைகள் வைத்திருக்கிற கம்பெனியில் போட்டார்கள். பர்மாவுக்கு அனுப்பினார்கள். அக்காவுக்கு அப்போது கையில் ஒரே பெண் குழந்தை, அலர்மேல்மங்கை. மங்கா என்று கூப்பிடுவோம்.

சண்டை முடிகிற வருஷம், ஆடி போய் ஆவணி வரும்போது அரசாங்கத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. அச்சடித்தது. தலைப்பில் ராஜா முத்திரை. புத்தூர் ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற வரதராஜனுக்குத்தான் எங்கள் பக்கத்தில் இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். அவர் படித்துச் சொன்னார். கன்னையாவைக் காணவில்லை என்று இருந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து இன்னொன்று வந்தது. அது கையால் எழுதியது, இரண்டு பக்கமும் நெருக்கமாக. அது வந்து சேர்ந்தபோது சண்டை முடிந்து புத்தூர்க் கடைத்தெருவில் மிட்டாய்கூடக் கொடுத்துவிட்டார்கள். மாமனார், என் வீட்டுக்காரர், அக்கா, நான், அக்கா இடுப்பில் மங்கா, எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போனோம். அரக்கோணம் வண்டி போகிற வரைக்கும் நிற்கச் சொன்னார் வரதராஜன். பிறகு தண்ணீர்ப் பானைப் பக்கத்தில் எங்களை உட்காரவைத்து, முதலில் தான் மட்டும் படித்துப் பார்த்தார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம்தான் தமிழில் சொன்னார்.

எழுதியவர் அந்தக் கம்பெனிக்கு மேஜர், வெள்ளைக்காரர். அவர் எழுதியிருந்தது இது:

“அம்மா, உங்கள் கணவரைக் காணவில்லை என்று அரசாங்கத்திலிருந்து ஒரு காகிதம் வந்திருக்கும். உடல் கிடைக்காதவர்களுக்கு அப்படி எழுதுவதுதான் வழக்கம். சண்டை முடியப்போகிறது. மற்றவர்கள் எல்லாரும் ஊர் திரும்புகிற நாளில் நீங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். அவர் திரும்ப மாட்டார். நான் கரையில் நின்று பார்த்தேன்.

மழையில் சித்தாங் ஆறு பெருகியிருந்தது. ஆட்கள் தெப்பத்தில் இருந்து கயிற்றைப் பிடித்துக்கொள்ள, கழுதைகள் பின்னால் நீந்தி வந்தன. நடு ஆற்றில் ஒரு கழுதை வெள்ளத்தில் இழுபட்டது. அதன் கயிறு உங்கள் கணவர் கையில் இருந்தது. அதை விடச் சொல்லி நான் கத்தினேன். அவருடைய பாஷை தெரிந்தவர்களும் கத்தினார்கள். அவருக்குக் கேட்டது. திரும்பி எங்களைப் பார்த்தார். ஆனாலும் விடவில்லை. கழுதையோடு போய்விட்டார். நாங்கள் தேடினோம், கிடைக்கவில்லை.

ஒரு கழுதைக்காக உயிரைக் கொடுக்கும்படி நான் யாருக்கும் உத்தரவு போடவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். அவர் ஏன் கயிற்றை விடவில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.”

வரதராஜன் நிறுத்தினார். என் வீட்டுக்காரர் தன் அப்பாவைப் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே தண்டவாளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“முத்திரை எங்க?” என்றார் மாமனார்.

“இது அவரே சொந்தமா எழுதினது முனிரத்தினம். முத்திரை இருக்காது. கீழ கையெழுத்து போட்டிருக்கார் பாரு.”

“கையெழுத்து எவன் வேணா போடுவான். முன்ன வந்ததுல ராஜா முத்திரை கீது. அதுல காணோம்னுதான போட்டுகீது? நீங்கதான படிச்சீங்க?”

“படிச்சேன். ஆனா இந்த மனுஷன் கண்ணால பாத்துட்டு எழுதறார்.”

“முத்திரை இல்லாத காயிதம் எனக்கு வாணாம் சாமி. நிலத்துக்கே ஒத்துக்க மாட்டான். ஆளுக்கு ஒத்துக்கணுமா?”

வரதராஜன் கடிதத்தை மடித்து அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

வீட்டுக்கு வருவதற்குள் சேதி பரவி, பங்காளி வீட்டுப் பெண்கள் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். மாமனார் அவர்களை உள்ளே விடவில்லை.

“எங்க வந்தீங்க எல்லாம்? எம்பையன் காணாம போயிருக்கான். தேடிக்கினு கீறாங்க. காணாம போனவன் பொண்டாட்டிக்கு யாரு தாலிய அறுக்கறது? போங்க, போயி அடுப்பப் பாருங்க.”

இதுதான் நடந்தது. பொட்டை விடமாட்டேன் என்று அக்கா சொல்லவில்லை. மாமனார்தான் விடவில்லை. அவரால் அந்தக் கடிதத்தை ஒத்துக்கொள்ள முடியாது. ஏன் முடியாது என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மறுநாள் விடிந்தது. நாற்றுக்குத் தண்ணீர் பாய்ச்சியாக வேண்டும். மாமனார் கிணற்றுப் பக்கமே போகவில்லை. என் வீட்டுக்காரர் நகரி சந்தைக்குப் போயிருந்தார். வெயில் ஏறும்வரை எருதுகள் கட்டுத்தறியில் நின்றன. பிறகு அக்கா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு எருதுகளை ஓட்டிக்கொண்டு போனாள். கவலைக் கயிற்றில் ஏறி உட்கார்ந்தாள். எங்கள் பக்கத்தில் பொம்பளை கவலை ஓட்டி யாரும் பார்த்ததில்லை. வரப்பில் போனவர்கள் நின்று சிரித்தார்கள்.

“இன்னா செங்கம்மா, ஊட்ல ஆம்பளைங்க துன்னுட்டுத் தூங்கறாங்களா?”

“தண்ணி பாயுது. கால எடு,” என்றாள் அக்கா.

அன்றிலிருந்து அந்தக் கவலை அவளுடையது. அவள் அழுது நான் பார்க்கவில்லை. அழவில்லை என்று குறை சொன்னவர்கள் உண்டு. அழாத ஒருத்தியைக் கூடவே இருந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவள் காலையில் எழுந்து, முகம் கழுவி, கண்ணாடி பார்க்காமலே குங்குமம் வைத்துக்கொள்வாள். வாசல் பெருக்குவதுபோல அதுவும் ஒரு வேலை. பண்டிகைக்குப் புதுப் புடவை எடுத்துக் கொடுத்தால் கட்டிக்கொள்வாள். கலர் பிடித்திருக்கிறதா என்று கேட்டால், “நல்லாத்தான் கீது,” என்பாள், புடவையைப் பார்க்காமல். சோற்றில் உப்பில்லை என்றாலும் தெரியாது, உப்பு கரித்தாலும் தெரியாது. மங்காவுக்குத் தலை பின்னும்போது மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வாள்.

வருஷங்கள் அப்படியே போயின. ஆந்திரா தனியாகப் பிரிந்தது. எங்கள் ஜில்லா அதில் போனது. புத்தூரில் கூட்டம் போட்டுத் தமிழர் ஊர்களைத் தமிழர்களுக்கே கொடு என்று கத்தினார்கள். என் வீட்டுக்காரரும் போய்க் கத்தி, தொண்டை கட்டி வந்தார். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு வந்தது. மங்கா அதோடு நின்றுவிட்டாள். கிணற்றில் தண்ணீர் இருந்தவரைக்கும் எங்களுக்கு எந்த ராஜ்யமானாலும் வேலை ஒன்றுதான்.

மாமனார் ஒரு பங்குனியில் இறந்தார். சாகும் வரைக்கும் கிணற்றடிக்குப் போகவில்லை, கடிதத்தைப் பற்றிப் பேசவும் இல்லை. அவர் போன பிறகுதான் விஷயம் கிளம்பிற்று.

மங்காவுக்குப் பொதட்டூர்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா வீராசாமி வாய் ஓயாத மனுஷர். பெண் பார்க்க வந்தவர் பலகாரத்தைத் தின்றுகொண்டே ராஜ்யத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“எல்லைக் கமிசன் போட்டுட்டான். திருத்தணி மெட்ராசுக்குப் போவுமாம், சத்தியவேடு இங்க வருமாம். நாங்க அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம். நாளைக்கு மருமவள ஊட்டுக்கு அனுப்ப நான் ரெண்டு ராஜ்யத்துல மனு போடணும் போலகீது.”

எல்லாரும் சிரித்தோம். அப்புறம் அவர் இலையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“அது கிடக்கட்டும். பொண்ணோட நைனா இருக்காரா, இல்லியா? எங்க பக்கம் கேக்கறாங்க. எதுவானாலும் எனக்குச் சம்மதம்தான். ஆனா மணையில யாரு ஒக்காருவாங்கன்னு சொல்லணுமே.”

பங்காளிகளில் மூத்தவர் கிருஷ்ணப்பா. பெரிய நைனா என்று கூப்பிடுவோம். அவர் அன்றைக்கே பஞ்சாயத்தைக் கூட்டிவிட்டார்.

“காணாம போனவனுக்குப் பன்னெண்டு வருஷம் பாக்கறது. பாத்தாச்சு. தர்ப்பையில உருவம் செஞ்சு கொளுத்திட்டு, செங்கம்மாவ கொளத்தங்கரைக்கு இட்டுக்கினு போயி செய்யறதச் செஞ்சிடணும். வருஷத்துக்குள்ள பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணிடலாம். மணையில கன்னையா தம்பி கோவர்த்தனனும் அவன் பொண்டாட்டியும் ஒக்காந்து தார வாக்கட்டும்.”

அக்கா தூணோரம் நின்றிருந்தாள். “அந்தக் கடுதாசிக்கு முத்திரை இல்லன்னு சொன்னீங்களே பெரிய நைனா. இப்ப வந்துடுச்சா?” என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. வெங்காயம் என்ன விலை என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். ஆனாலும் கிருஷ்ணப்பாவுக்குச் சுருக்கென்றது.

“சொன்னது உங்க மாமனாரு. நான் இல்ல. முத்திரைதான் வேணும்னா வாங்கிக்கினு வாங்க.”

வாங்கத்தான் போனோம். அக்கா, என் வீட்டுக்காரர், நான், மூன்று பேரும் சித்தூருக்குக் கிளம்பி ரேணிகுண்டாவில் வண்டி மாறினோம். திருப்பதியில் வண்டி நின்றபோது மலை தெரிந்தது. “ஒரு கும்புடு போட்டுக்க அக்கா,” என்றேன். “இன்னான்னு கேக்கறது சந்திரா? இருக்கான்னு சொல்லுன்னா, இல்லன்னு சொல்லுன்னா?” என்றாள். ஆனாலும் என் மனசுக்காகக் கையைக் கூப்பினாள்.

சித்தூரில் ஒரு ஆபீசில் குமாஸ்தா அச்சடித்த காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஈ ரிகார்டு மாதெக்கர லேது. மெட்ராஸ்லோ அடகண்டி,” என்றார். எங்களிடம் இல்லை, மெட்ராஸில் கேளுங்கள் என்று. அடுத்த மாதம் மெட்ராஸ் போனோம். அங்கே இருந்தவர் நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார். ஆனால் அவரும், “நீங்க இப்ப ஆந்திரா. உங்க ஜில்லாவுலதான் கேக்கணும்,” என்றார். என் வீட்டுக்காரர் சண்டைக்குப் போனார்.

“சாவறப்ப அவன் மெட்ராசு. இப்ப அவன் பொணத்துக்கு நாங்க ஆந்திராவா?”

அக்கா அவர் கையைப் பிடித்து, “வா கோவர்த்தனா, வண்டி போயிடும்,” என்றாள்.

திரும்பி வந்து மறுபடியும் பஞ்சாயத்து. முத்திரை கிடைக்கவில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அப்படியானால் இன்னும் ஒரு மனு போடலாம் என்றான் ஒருவன். இனி தாங்காது, உருவம் கொளுத்தியே ஆக வேண்டும் என்றார் கிருஷ்ணப்பா. பேச்சு வளர்ந்தது. அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு நடுவில் வந்து நின்றாள்.

“முத்திரை வாணாம். அந்தக் கடுதாசி படிச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும். கேட்ட ஒடனே தெரியும். மாமா வாணாம்னாரு, நான் சும்மா இருந்தேன். உருவத்தக் கொளுத்திக்கோங்க. ஆனா கொளத்தங்கரைக்கு நான் வர மாட்டேன். யாரும் என் கையப் புடிச்சி வளையல ஒடைக்க வாணாம். நானே எடுத்துடறேன்.”

கிருஷ்ணப்பா தலையை ஆட்டினார். அக்கா நகரவில்லை.

“இன்னொண்ணு. மங்காவ நான்தான் தார வாத்துக் குடுப்பேன். வளத்தவ நானு. அவ நைனா போனப்ப அதுக்குப் பேச்சே வரல.”

“அது மட்டும் நடக்காது,” என்றார் கிருஷ்ணப்பா. “பொட்டில்லாதவ தண்ணி வாத்து எந்த ஊர்லயாவது கல்யாணம் நடந்துகீதா? கொழந்தைக்கு ஆவாது. நீயே யோசன பண்ணு.”

அக்கா யோசித்தமாதிரி தெரியவில்லை. “சரி,” என்றாள். அந்தச் சரியைக் கேட்டு எல்லாரும் நிம்மதியாக எழுந்து போனார்கள். நான் மட்டும் எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

ஆனி மாதம் உருவம் கொளுத்தினார்கள். என் வீட்டுக்காரர் கொள்ளி வைத்தார். ஆண்கள் திரும்பி வருவதற்குள் அக்கா தாலியையும் வளையலையும் கழற்றிச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு, நெற்றியைக் கழுவிக்கொண்டு, எருதுகளுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். ஏதாவது பேசவேண்டும் என்று அவள் பக்கத்தில் போய் நின்றேன். “புண்ணாக்கு தீந்துபோச்சு, வாங்கியார சொல்லு,” என்றாள்.

ஆவணியில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணம். அக்கா சமையல் பக்கத்திலேயே இருந்தாள். மாப்பிள்ளையும் பெண்ணும் மணைக்கு வந்தாயிற்று. தாரை வார்க்கிறவர்கள் வரலாம் என்று ஐயர் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் பட்டுக்கரை வேட்டியோடு போய் உட்கார்ந்துவிட்டார். நான் உட்காரவில்லை.

“வா, இன்னா நின்னுக்கினு கீற?” என்றார்.

“நான் ஒக்கார மாட்டேன்.”

“ஏய், எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். பெத்தவ அடுப்பாண்ட நிக்கறப்ப நான் எதுக்கு ஒக்காரணும்? எனக்கு இன்னா, பொண்ணு இல்லியா? அது கல்யாணத்துக்கு ஒக்காந்துக்கறேன்.”

கிருஷ்ணப்பா எழுந்து வந்தார். முகூர்த்தம் போகிறது என்றார், பெண்புத்தி என்றார், இதெல்லாம் முன்னமே பேசி முடித்தது என்றார். “நீங்க பேசினீங்க. நான் பேசல,” என்றேன். நான் அப்படி நின்றால் அப்படித்தான் நிற்பேன், என் வீட்டுக்காரருக்கு அது தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மங்கா நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். மேளக்காரர்கள் வாசிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் சின்னதாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாரும் வீராசாமியைப் பார்த்தார்கள். பிள்ளை வீட்டுக்காரர் எழுந்துவிட்டால் கல்யாணம் நின்றுபோகும். அவர் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

“எந்த ராஜ்யம்னு தெரியாத ஊர்ல கல்யாணம் பண்ணிக்கினு கீறோம். இதுல யாரு தண்ணி வாக்கறதுன்னு பேசிக்கினே இருந்தா எம்பையனுக்கு நரச்சிடும். பெத்தவளக் கூப்புடுங்கப்பா. எனக்கு ஒண்ணும் இல்ல.”

நான் போய்க் கூட்டிவந்தேன். அக்கா மறுக்கவும் இல்லை, சந்தோஷப்படவும் இல்லை. கையில் ஒட்டியிருந்த கடலை மாவை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து மணையில் உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரர் எழுந்து எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கிருஷ்ணப்பா பந்தலுக்கு வெளியே போய்விட்டார்.

“பொண்ணோட தகப்பனார் பேரச் சொல்லுங்க,” என்றார் ஐயர், என் வீட்டுக்காரரைப் பார்த்து.

எங்கள் பக்கம் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வதில்லை. யாராவது கேட்டால் பக்கத்தில் இருக்கிறவர்தான் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா சொன்னாள்.

“கன்னையா.”

“மேளத்துல கேக்கலம்மா.”

“கன்னையா,” என்றாள் மறுபடியும். “முனிரத்தினம் மவன் கன்னையா.”

யார் பேரையோ சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஐயர் அந்தப் பேரை மந்திரத்தில் சேர்த்துச் சொல்லச் சொல்ல, அக்கா சொம்பைச் சாய்த்தாள். தண்ணீர் மங்காவின் கைமேல் விழுந்து, மாப்பிள்ளையின் கைக்கு வழிந்து, தாம்பாளத்தில் சேர்ந்தது. போதும் என்று ஐயர் சொன்ன பிறகும் சொம்பு காலியாகிறவரை ஊற்றினாள். அப்புறம் எழுந்து, முதல் பந்திக்கு இலை போட ஆள் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.